ஓடைத்தெருவுக்குப் படிகள் வந்த கதை

பேங்க் வாசல்ல கிடந்த கருங்கல் படி எங்க ஓடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது புரட்டாசி மாசத்துல ஒரு காலையில, வேலுத்தாய் வாசத் தெளிக்க வாளியோட கதவைத் திறந்தா, நேத்து வரைக்கும் தெருவோட தெருவாக் கிடந்த அவ வாசல்ல ஒரு படி நிக்கிது, படி உசரத்துக்கு வீடும் உசந்து நிக்கிது. அவ கத்தலை, யாரையும் கூப்பிடலை. வாளியைக் கீழ வச்சிட்டு உள்ள போயி மஞ்சளைக் கரைச்சுக் கொண்டாந்து படி முழுக்கப் பூசி, குங்குமம் வச்சு, முன்னால கோலமும் போட்டு முடிச்சிட்டுத்தான் புருசன் காசிராசனை எழுப்பி, "நம்ம வீட்டுக்குப் படி வந்திருக்கு, எந்திரிச்சுப் பாருங்க"ன்னு சொன்னா. வாசப்படியில லச்சுமி இருக்கான்னு நம்புற பொம்பளை வேற என்ன செய்வா, அதுவும் பொறந்ததுல இருந்து படியில்லாத வீட்டுலயே வாழ்ந்தவ.

தெருவைச் சொல்லிரணும். ஊருக்கே பள்ளம் எங்க தெரு. பழைய ரோட்டு மேலயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு மெயின் ரோடு உசந்துக்கிட்டே போக, கடைக்காரங்க எல்லாம் தரையை உசத்திப் படி கட்டிக்கிட்டாங்க, காசில்லாத நாங்க கிடந்த இடத்துலயே கிடந்தோம், ஐப்பசி பொறந்தா ஓடைத்தண்ணியும் சாக்கடைத்தண்ணியும் கைகோத்துக்கிட்டு உள்ள வரும், பாயை நனைக்கும், அரிசிப் பானையைத் தொடும், பிள்ளைகளைக் கட்டில் மேல ஏத்தி வச்சிட்டு முழங்கால் தண்ணியில நின்னு சோறு பொங்குவோம். நான் தெரு முக்குல மாவு மில்லு வச்சிருக்கேன், வீடு மில்லுக்குப் பின்னாடி தெருவுக்குள்ள. பேரு பொன்னுத்தாய். மில்லு சத்தத்துல கத்திக் கத்திப் பேசினதுல வாய் பெருத்துப் போச்சு, மனசுல பட்டதைச் சொல்லிருவேன், அதனால தெருவுல பாதிப் பேருக்கு என்னை ஆகாது.

சந்தனமாரி எனக்கு நாத்தனார் முறை. கைப்பிள்ளையா இருக்கையில போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப்போனவ, ஆத்தாளும் அப்பனும் போன பிறகு தெரு நடுவுல இருக்கிற அந்த வீட்டுல தனியா இருந்துக்கிட்டு, கையால சுத்துற மூணு சக்கர வண்டியில பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வேகவச்ச கடலை வித்துப் பொழைச்சா. வண்டியை அப்படியே வீட்டுக்குள்ள ஓட்டிட்டுப் போயி அடுப்புப் பக்கத்துல நிறுத்துவா. "தண்ணிக்கு ஐப்பசி கார்த்திகையில பயந்தாப் போதும் மதினி, படிக்குன்னா வருசம் பூராம் பயப்படணும்"னு சொல்லுவா. பேங்குக்குப் போனா இவ ரோட்டுல நிப்பா, உள்ள இருந்து ஒருத்தர் மை டப்பாவோட இறங்கி வந்து ரோட்டுல வச்சுக் கைநாட்டு வாங்கிட்டுப் போவாரு. கையெழுத்துப் போடத் தெரியும்னு இவ சொல்லுவா. ரோட்டுல வச்சு யாரு கேக்குறா.

அப்பத்தான் லிடியா மேடம் வந்தாங்க. பொம்பளைப் பிள்ளைக காலேஜுல கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊர் பூராம் போனும் கையுமா அலைஞ்சாங்க. சக்கர வண்டியில போறவங்களுக்கு எங்க ஏற முடியும், எங்க ஏற முடியாதுன்னு போன்ல ஒரு வரைபடம், ஊரே சேர்ந்து போடுறது. படி இருக்கிற வாசலைப் படம் பிடிச்சு ஏத்தணும், அந்த இடத்துல புழங்குற மூணு பேர் அவங்கவங்க நம்பர்ல "ஆமா, இங்க படி இருக்கு"ன்னு அமுக்கணும், அவ்வளவுதான். மாரியை வண்டியோட முன்னால விட்டு, அவ கை காட்டின படியை எல்லாம் பிடிச்சுக்கிட்டே போனாங்க.

மூணு பேர் அமுக்கினதும் படி போயிருச்சு. வரைபடத்துல மட்டும் இல்லை, வாசல்ல இருந்தே போயிருச்சு, எருமை மண்டி போடுற மாதிரி பேங்க் கட்டடம் முன்னால சாஞ்சு நிதானமா ரோட்டு மட்டத்துக்கு உக்காந்துச்சு, உள்ள வரிசையில நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க, கேஷியர் சில்லறையைக் கையால அணைச்சுக்கிட்டாரு, பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரு. அன்னைக்கு மாரி மில்லுக்கு வந்து, மாவுத் தூசிக்குள்ள வண்டியை நிறுத்திக்கிட்டு, "மதினி, பேங்குக்குள்ள ஏசி இருக்கு மதினி"ன்னா. அவ கணக்கு வச்சிருக்கிற பேங்கு, இத்தனை வருசம். எனக்கு அழுகை வந்து மில்லை நிறுத்திட்டேன்.

பேங்குக்குப் பிறகு தபாலாபீஸ், துணிக்கடை, நகைக்கடை, சினிமாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேசன், பதிவாபீஸ்னு ஒவ்வொண்ணா மண்டி போட்டுச்சு. துணிக்கடைக்குள்ள போயி வண்டியில உக்காந்தமேனிக்கே கண்ணாடியில சேலையைத் தோள்ல போட்டுப் பாத்துட்டு வாங்காம வந்தா, "வாங்காம வர்றதுதான் மதினி சந்தோசம், எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க"ன்னா. படி எல்லாம் எங்க போச்சுன்னு ஊருக்குள்ள ஒருத்தன் கேக்கலை. போன தொல்லை போச்சுன்னு விட்டுட்டாங்க.

அது போன் பாக்க முடியாத இடத்துக்குப் போச்சு. லிடியா மேடத்தோட போன்ல நானே பிறகு பாத்தேன், என் மில்லு இருந்துச்சு, மில்லு தாண்டினா ஓடை இருந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல நாங்க பிள்ளை பெத்து, சண்டை போட்டு, செத்து, சுடுகாடு போன தெரு இருக்கிற இடத்துல வெறும் வெளுத்த கலரு. எங்ககிட்ட இருந்தது எல்லாம் பட்டன் போனு. அதுல பேசலாம், டார்ச் அடிக்கலாம். படி வந்து இறங்கினதை யாருக்கும் காட்ட முடியாது.

வந்த படிகளை எங்க பொம்பளைக எப்படி வச்சிருந்தாளுகன்னு நீங்க பாக்கணும். எந்தப் படி எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்ததும் சொல்லிருவாளுக, நகைக்கடைப் படி வந்த வீட்டுக்காரி கழுத்தை நீட்டிக்கிட்டு நடந்தா, ஆஸ்பத்திரிப் படி வந்தவ அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேட்டா, காசிராசன் வீட்டுக்கு ரெண்டாவதா வந்தது போலீஸ் ஸ்டேசன் படி, அவன் அதுக்குச் சாக்கைப் போட்டு மூடி வச்சிட்டுத் தாண்டித் தாண்டிப் போனான். பொண்ணு பாக்க வந்தவங்க எந்தப் படி வீடுன்னு விசாரிச்சாங்க. எல்லாப் படிக்கும் மஞ்சள், எல்லாப் படிக்கும் குங்குமம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. என் வீட்டுக்கு வந்தது துணிக்கடைப் படி, நானும் பூசினேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஐப்பசி மழை கொட்டிச்சு, ஓடை கரை புரண்டு தெருவுக்குள்ள வந்து, ஒவ்வொரு வீட்டுப் படியையும் நக்கிப் பாத்துட்டு உள்ள வர முடியாமத் திரும்பிப் போச்சு. அன்னைக்கு நாங்க வாசல்ல நின்னு தண்ணி போறதை வேடிக்கை பாத்தோம். காலு நனையாம மழையைப் பாக்கிறது அவ்வளவு அழகுன்னு எங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது.

மாரி வீட்டுக்குத்தான் அதிகமா வந்துச்சு. ஊருக்குள்ள எந்தெந்தப் படியைக் காட்டி "இதுல என்னால ஏற முடியலை"ன்னு அவ சொன்னாளோ, அதுல பாதிக்கு மேல அவ வாசலுக்கே வந்து ஒண்ணு மேல ஒண்ணா நின்னுச்சு, எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. கொட்டகையோட மொசைக் படி, தபாலாபீஸோட தேஞ்ச படி, பதிவாபீஸோட சிமெண்டுப் படி, ஒவ்வொண்ணு வரவர வீடு ஒரு படி மேல போகும், அவ உள்ள இருந்துக்கிட்டு "மதினி, இன்னொண்ணு வந்திருச்சு"ன்னு சொல்லுவா. அவளால இறங்கிப் பூச முடியாதுன்னு வேலுத்தாய்தான் மஞ்சளைக் கொண்டாந்து அவ படிகளுக்கும் பூசிவிட்டா. ஒரு நாள் காலையில நிமிந்து பாக்கிறேன், மாரி நிலைக்கதவுல தலையைச் சாச்சு உக்காந்திருக்கா, அவ முகத்தைப் பாக்க நான் கழுத்தை ஒடிச்சு அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. வண்டி கீழ என் மில்லுல நிக்கிது.

அந்த நேரம் பாத்துத்தான் அவளுக்குக் கடை வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள மாற்றுத்திறனாளிக்குன்னு ஒதுக்கின பெட்டிக்கடை, டீ, பிஸ்கட்டு, தண்ணி பாட்டில் விக்கலாம், வருசக்கணக்கா மனுப் போட்டு அலைஞ்சு இப்பத்தான் அவ பேருக்கு ஆகியிருந்துச்சு. தொடர்ந்து பூட்டிப் போட்டா வேற ஆளுக்குப் போயிரும்னு சொல்லித்தான் சாவியைக் கையில கொடுத்தாங்க. அந்தச் சாவியைத் தாலிக்கயித்துக்குப் பதிலாக் கழுத்துல கட்டிக்கிட்டேன் மதினின்னு சிரிச்சா.

"அதுக்கென்ன, நாங்க தூக்கிட்டுப் போறோம்ல"ன்னு காசிராசனும் தெருப் பயலுகளும் சொன்னானுக. சொன்ன மாதிரியே தூக்கினானுக, காலையில ஒருத்தன் கக்கத்துல கையைக் கொடுக்க, ஒருத்தன் காலைப் பிடிக்க, சேலை விலகுறதை அவ ஒரு கையால இழுத்துக்கிட்டே இறங்கி வருவா, சாயங்காலம் அதே மாதிரி மேல. பிறகு ஒருத்தனுக்குக் கட்டட வேலை வந்துச்சு, ஒருத்தனுக்கு இடுப்பு பிடிச்சிருச்சு, ஒருத்தன் கல்யாண வீட்டுக்குப் போனான். இவ விடிஞ்சதும் சேலை கட்டி, சாவியைப் பிடிச்சுக்கிட்டு மேல உக்காந்திருப்பா, பஸ் ஸ்டாண்டுல மத்தியான வண்டியும் போயிரும். ஒருத்தரையும் திட்ட முடியாது, எல்லாரும் நல்லவங்க, சோறு, குழம்பு, பழம்னு மேல ஏத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாள் அவ என்கிட்ட, "மதினி, மூட்டையைக்கூட எப்ப இறக்குவாங்கன்னு நேரம் இருக்கும்"ன்னா.

ஊருக்குத் தடையில்லாத ஊர்னு பட்டம் கொடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்குள்ள பெரிய பிளெக்ஸு, பேங்குக்குள்ள வண்டியில உக்காந்து சிரிக்கிற மாரி படம். விழாவுக்கு அவளைத் தூக்க எட்டுப் பேர் வந்தானுக, நான் நீன்னு போட்டி, பூமாலை வேற. மறுநாள் கடைக்குத் தூக்க ஒருத்தன் வரலை. அந்தப் பிளெக்ஸுக்கு நேர் கீழதான் அவ கடை, பூட்டிக் கிடந்துச்சு, கடை ஒதுக்கின ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து கதவுல எச்சரிக்கை ஒட்டிட்டுப் போனாங்க. திங்கக்கிழமை திறக்கலைன்னா கடை போச்சு.

நான் லிடியா மேடத்தைப் போயிப் பிடிச்சேன். வந்து பாத்தவங்க தெரு முக்குலயே நின்னுட்டாங்க, முகம் வெளிறிப் போச்சு, "இதெல்லாம் இங்கயா வந்துச்சு"ன்னு ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. பிறகு உடனே போனை எடுத்துத் தெருவை வரைஞ்சு, பேரு போட்டு, படிகளைப் படம் பிடிச்சாங்க. "தனி வீடா எடுக்க முடியலைம்மா, தெருவா ஒண்ணாத்தான் எடுக்குது. இந்தத் தெருக்காரங்க மூணு பேர் ஆமான்னா எல்லாப் படியும் போயிரும். பட்டன் போன் போதும், ஒரு ஓடிபி வரும், அதை எனக்குச் சொன்னாப் போதும்"னாங்க. மாரி மேல இருந்தே தன் நம்பரைச் சொல்லி, வந்த ஓடிபியையும் சொன்னா. ரெண்டாவது நான். என் வீடும் இறங்கும், அடுத்த மழைக்கு என் அரிசிப் பானையும் மிதக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

மூணாவது ஆள் வரலை. தெருவே கூடி நிக்கிது, பொம்பளைக எல்லாம் அவளவ வீட்டுப் படிக்கு முன்னால, பிள்ளையை மறைக்கிற மாதிரி நிக்கிறாளுக.

"மஞ்சள் பூசின படியை அனுப்பலாமா மேடம், குடும்பத்துக்கு ஆகுமா"ன்னா ஒருத்தி.

"நாம அனுப்பினா அது வேற யாரு வாசல்லயோ போயி நிக்கும், அந்தப் பாவம் நமக்கு எதுக்கு"ன்னான் காசிராசன்.

"அங்கயும் மூணு பேர் சொல்லட்டும்ணே"ன்னு மேல இருந்து மாரி சொன்னா. "அடுத்த இடத்துலயும் சொல்லட்டும். கடைசியில போக இடமில்லாம அது கடல்ல போயி விழட்டும்."

வேலுத்தாய் நம்பரை மேடத்துகிட்டச் சொல்லிட்டு, அவகிட்ட நானே போனேன். மாரிக்கு மூணு வேளையும் சோறு ஏத்துறவ அவ. போனை மடியில மறைச்சு வச்சிருக்கா, உள்ள ஓடிபி வந்து கிணிங் கிணிங்குது. "சொல்லுடி"ன்னேன்.

"ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவியில தினமும் சொல்றான்ல மதினி"ன்னா.

"அது உன் பேங்குக் காசைக் களவாங்குறவனுக்குடி."

"அவன் யாருக்கும்னுதான் சொல்றான்." என் கண்ணைப் பாக்காமப் படியைப் பாத்துக்கிட்டே சொன்னா. "மாரிக்கு நான் என்ன குறை வச்சேன், சாகுற வரைக்கும் சோறு போடுவேன். என் பேரப்பிள்ளை இந்த ஐப்பசியிலதான் தரையில படுத்துச்சு." சொல்லிட்டு அவ அழுதா. ஓடிபிக்கு நேரம் முடிஞ்சு போச்சு. பேரப்பிள்ளையைச் சொன்னதும் நானும் திரும்பி வந்துட்டேன், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மாரி கதவைச் சாத்திக்கிட்டா.

திங்கக்கிழமை விடிஞ்சதும் கதவைத் திறந்தா. குளிச்சு, விழாவுக்குக் கட்டின சேலையையே கட்டி, கழுத்துல சாவியோட, நிலையைப் பிடிச்சுத் தன்னை வெளியில இழுத்து, மேல்படியில உக்காந்தா. பூசின படியில உக்காந்தா. தெருவே மூச்சை உள்ள இழுத்துச்சு, வாசத் தெளிச்சவளுக அப்படியே நிக்கிறாளுக. ரெண்டு கையையும் பக்கத்துல ஊனி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில இறக்கினா, காலு ரெண்டும் பின்னாலயே இழுபட்டு வந்து மடங்குச்சு, அதைக் கையால எடுத்து நேரா வச்சா, மறுபடி ஊனினா. நான் மில்லுல இருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடினேன். "தொடாதீங்க மதினி, வண்டியை மட்டும் பிடிங்க"ன்னா. பதிவாபீஸ் படி, தபாலாபீஸ் படி, கொட்டகைப் படின்னு ஒவ்வொண்ணா இறங்கினா, மொசைக்குல ஒரு தடவை கை வழுக்கி முழங்கை பேந்து ரத்தம் வந்துச்சு, நின்னு மூச்சு வாங்கிட்டு இறங்கினா, சேலை பூராம் மஞ்சளும் குங்குமமும் ரத்தமும் ஒண்ணாக் கலந்து போச்சு. சாமி குத்தம்னு ஒருத்தி முணுமுணுத்தா. கீழ வந்ததும் வண்டியில ஏறி, என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டு, திரும்பிப் பாக்காம வண்டியைச் சுத்திக்கிட்டுப் போனா. அன்னைக்குக் கடை திறந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தரை மட்டத்துல ஒரு ரூமைப் பிடிச்சு அங்கயே இருந்துக்கிட்டா.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறலை. அவ இறங்கின வழியில, படிகளுக்கு நடுவுல, ஒரு ஆள் அகலத்துக்கு மஞ்சள் போயி வெறுங்கல்லு தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல மறுபடி பூச ஒருத்திக்கும் தைரியம் வரலை. திருக்கார்த்திகை அன்னைக்கு வேலுத்தாய் அந்தத் தடத்துல முதல் விளக்கை வச்சா. மறுநாள் இன்னொருத்தி. பிள்ளை வரம் கேட்டு மேலத்தெருவுல இருந்து ஒருத்தி வந்தா, எலுமிச்சம்பழம் வந்துச்சு, பூ வந்துச்சு, பேருதான் ஏற்கனவே சாமி பேராச்சே, சந்தனமாரி இறங்கின படின்னு சொல்லி விழுந்து கும்பிட ஆரம்பிச்சாளுக. ஒரு நம்பரைச் சொல்ல வாய் வராதவளுக, குலவை போட வாயைத் திறந்தாளுக.

போன வாரம் கடைக்குப் போனேன். லிடியா மேடம் டீ குடிச்சிட்டு நின்னாங்க, அந்தப் போன் இன்னும் ஒரு ஆளைக் கேட்டுக்கிட்டே இருக்குன்னாங்க. அவங்க போனதும் மாரி கேட்டா.

"என் வீட்டுப் படியில விளக்கு வைக்கிறாங்களாமே மதினி."

"வைக்கிறாளுக. நீ சாமியாயிட்டடி."

அவ சிரிக்கலை. டம்ளரைக் கழுவிக்கிட்டே, "எண்ணெய் வழியுதா"ன்னா.

"படி பூராம் எண்ணெய்தான்."

"துடைக்கச் சொல்லுங்க மதினி. கை வழுக்கும்ல. இந்த மாசம் ரூமைக் காலி பண்றேன், அன்னைக்கு இறங்கின மாதிரியே தினமும் ஏறி இறங்கிக்கிறேன். அது என் வீடு."

அவ திரும்பி வருவான்னு தெருவுல ஒருத்திக்கும் தோணலை, எனக்கும்தான் தோணலை. நேரா வீட்டுக்கு வந்து, சீயக்காயும் தேங்காநாரும் வாளித் தண்ணியும் எடுத்துக்கிட்டு, அவ படியில விளக்குகளை ஒவ்வொண்ணா எடுத்து ஓரத்துல வச்சிட்டுத் தேய்க்க உக்காந்தேன். வேலுத்தாய் ஓடி வந்து, "சாமி படியில கை வைக்காத மதினி"ன்னு கையைப் பிடிச்சா.

"சாமி இல்லைடி, வீட்டுக்காரி. வீட்டுக்கு வரப் போறா"ன்னேன்.

அவ பிடிச்ச கையை விட்டுட்டா, போகவும் இல்லை, அங்கயே நின்னா. நான் கீழ்ப்படியில இருந்து மேல்படி வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேச்சுக் கழுவினேன். கழுவி முடிச்சு, உள்ளங்கையைக் கல்லுல ஊனி, என் உடம்புப் பாரம் பூராத்தையும் அதுல போட்டுப் பாத்தேன். வழுக்கலை.